அக்கா கேட்ட தாழ்ப்பாள்

அக்கா தனக்கென்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தலைக்கு எண்ணெய் வைத்து, சுடுதண்ணீரில் முழுகிவிட்டு, யாரும் கூப்பிடாமல் ஒரு பகல் பொழுது படுத்துக் கிடக்க வேண்டும். அதைச் செய்து கொடுக்கப் போன நாளில் அவளைப் பறிகொடுத்திருப்போம்.

நான் எங்கும் நிலைத்து இருந்தவள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சேலத்துத் தறிப் பட்டறையில் நூல் சுற்றினேன், செங்கல் சூளையில் கல் சுமந்தேன், ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் போர்வை துவைத்தேன். ஓர் இடம் சலித்துவிட்டால் அடுத்த பஸ். என் சொத்து முழுவதும் ஒரு மஞ்சள் பையில் அடங்கிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், சூளை மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு மலையேறி, கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

எஸ்டேட் லைனில் கடைசி வீடு அவளுடையது. முன்னறை, பின்னறை என்று இரண்டு இருந்தாலும் அவளும் மாமாவும் புழங்கியது முன்னறையில் மட்டும். சமையல், படுக்கை, துணிக்கொடி எல்லாம் அங்கேதான். பின்னறைக்கு ஒரு கதவு உண்டு என்பதே கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு சாமான். மாமா எதையும் விடமாட்டார். துரை பங்களாவில் தூக்கிப் போட்ட தகர டப்பா, குடைக்கம்பி, கால் உடைந்த நாற்காலி, உரச் சாக்கு, எலி கடித்த கோணிச் சாக்கு, ஒற்றைச் செருப்பு, ஓட்டை விழுந்த இரும்புச் சட்டி. கேட்டால் ஒரே பதில். "நாளைக்கு ஒதவும்." கெட்ட மனிதர் இல்லை. சின்ன வயதில் போர்த்திக்கொள்ளத் துணி இல்லாமல் வளர்ந்தவர். கையில் கிடைத்ததைக் கீழே வைக்கப் பயம்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அப்போதுதான் முடிந்திருந்தது. விடியும் முன் போய், பழத்தை நிறுத்துப் போட்டுவிட்டு இருட்டும்போது வந்த மாதங்கள் அவை. குளிப்பதெல்லாம் குழாயடியில் சேலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு சொம்புப் பச்சைத் தண்ணீர். நான் போன அன்று அக்காவின் தலையில் விரல் விட்டுப் பார்த்தேன். முடி திரிதிரியாய்ப் பிடித்து, உச்சியில் புண். விரல் முழுக்கக் காப்பிக் கறை. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள்.

"ஒரே ஒரு நாளு, கண்ணு," என்றாள். "எண்ணெ வெச்சு முழுகணும். கதவச் சாத்திக்கணும். 'அடியே'ன்னு ஒரு கொரல் எங்காதுல உழுகக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளைக்குச் செவ்வாய், வெள்ளி. அந்த இரண்டு நாளும் எஸ்டேட்டில் வேலை நாள். அதனாலேயே லைனில் இருந்த பெண்கள் முக்கால்வாசிப் பேர் பருவம் முழுக்கத் தலைக்கு எண்ணெய் காணாமல் இருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா லோடு லாரியில் சேலம் போகிறார் என்று தெரிந்ததும் நான் தீர்மானித்துவிட்டேன். முதல் நாளே எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய் அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மாமாவிடம் ஒளிக்கவில்லை.

"பின்னூட்ட ஒழிச்சு அக்காளுக்குத் தண்ணி ஊத்தப் போறனுங்க, மாமா."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அதுல ஒரு துரும்பு வெளிய போச்சுன்னா, நீயும் உங்கக்காளும் அதோட சேந்து போயிருங்க."

"ஏனுங்க, அவ வெளையாட்டுக்குச் சொல்றா," என்றாள் அக்கா.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல," என்றார் அவர். விடிந்ததும் லாரி ஏறிப் போய்விட்டார். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவார்.

அவர் தலை மறைந்ததும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாய் நீளம், மனசும் பெரிது. தானும் அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டாள்.

"அம்மிணி, உங்க மாமன் செத்தா பாடை கட்ட வெளிய போவ வேண்டியதில்ல. எல்லாம் ஊட்டுலயே இருக்குது," என்று சொல்லிக்கொண்டே சாக்குகளை இழுத்தாள்.

"வாய மூடுக்கா," என்று அக்கா அதட்டினாள். ஆனால் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் குவியல் ஏறிக்கொண்டே போனது. மேட்டுப் பாதையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மூன்று பேரும் கையை நிறுத்திவிடுவோம். அவர் பாதி வழியில் இறங்கி வந்துவிட்டால்? சாமானைத் தரம் பிரிக்க நேரமில்லை. கையில் வந்ததை வெளியே வீசினோம். கடப்பாரை, டப்பா, மூங்கில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.

உச்சி வேளைக்குள் பின்னறை கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறை. மூலையில் கல் பரப்பி, சுவரடியில் தண்ணீர் போக ஒரு துவாரம். குளிக்கிற இடமே வீட்டுக்குள் இருந்திருக்கிறது, இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். அக்கா நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். விரல் எதிலும் இடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அக்கா வெளியே எடுக்க விடவில்லை. மூலையில், சாமான் இடுக்கில் புகுந்து அடைகாத்த கோழி ஒன்று அப்போதுதான் பொரித்த குஞ்சுகளோடு இருந்தது; அதன்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தோம். "பனியில போட்டா செத்துப் போயிரும். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள்.

சாமானை எடுத்த பிறகுதான் குளிர் தெரிந்தது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அது வழியாகப் பனிமூட்டம் புகை மாதிரி உள்ளே இறங்கியது. வெளியே வெயிலே இல்லை. எண்ணெய் வைத்த உடம்போடு அங்கே உட்கார்ந்தால் ஜன்னிதான் வரும். எங்களுக்கோ சாக்குக்குப் பஞ்சமில்லை. கோணிச் சாக்கைச் சுருட்டி இடைவெளியில் திணித்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறை வைத்த உரச் சாக்கை இறுக்கினோம். தண்ணீர்த் துவாரத்தில் பழைய துணி. ஓட்டை விழுந்த இரும்புச் சட்டியில் அடுப்பிலிருந்து தணலை அள்ளிப் போட்டு, குவியலில் கிடைத்த மரக்கரியை மேலே கொட்டினோம். கரி செக்கச்சிவந்து, துளிப் புகை இல்லாமல் கனன்றது. அறை கதகதவென்று ஆனது.

"பாத்தியா, உங்க மாமன் சேத்து வெச்சது ஒதவுச்சா இல்லியா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, இதுக்கு உள்ளாற ஒரு தாழ்ப்பாள் வேணும்."

"எதுக்குக்கா? நாங்கதான இருக்கறோம்."

"கண்ணாலமாகி வந்த நாள்லருந்து நான் ஒரு கதவச் சாத்தித் தாழ் போட்டதில்ல."

குவியலில் பங்களாவிலிருந்து வந்த பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று கிடந்தது. ஆணியும் இருந்தது. நான் சூளையில் பழகியவள், நன்றாகவே அடித்தேன்.

நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சி, முன்னறையில் அவளை உட்கார வைத்து உச்சியில் வைத்தேன். புண்ணில் பட்டதும் பல்லைக் கடித்தாள். பிறகு தோள், முதுகு, முழங்கால், பாதம். தேய்க்கத் தேய்க்க அவள் தலை முன்னால் சரிந்தது. ஓர் ஆள் இன்னொருவர் கையில் இப்படி முழுதாய்த் தன்னை விட்டுவிடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எண்ணெய் ஊறட்டும் என்று எழுந்து பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உடனே திறந்தாள். மறுபடியும் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளிருந்து அவள் சிரிப்பது கேட்டது.

முன்னறை அடுப்பில் நான் தண்ணீர் காய்ச்சினேன். பக்கத்து வீட்டு அக்கா தலையில் தேய்க்க அரப்புத் தூளைக் கரைத்தாள். கதவு வழியாகவே பேசிக்கொண்டிருந்தோம்.

"எப்புடியக்கா இருக்குது?"

"நொம்ப சுகமா இருக்குது கண்ணு. உங்க மாமன் வந்தாருன்னா, நான் செத்துப் போயிட்டன்னு சொல்லிரு."

"தண்ணி காயட்டும். தூங்கிராதக்கா."

"கிறக்கமா இருக்குது."

"எண்ணெ வேல செய்யுது, அம்மிணி," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "ஒடம்புச் சூடெல்லாம் எறங்கறப்ப அப்புடித்தான் இருக்கும்."

எங்கள் ஊரில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எண்ணெய் வைத்தால் கிறக்கம் வரும், கண் சொருகும், உடம்பு கனக்கும். வராவிட்டால்தான் எண்ணெய் சரியில்லை என்போம்.

கொஞ்சம் கழித்து, "தல பாரமா இருக்குது," என்றாள்.

"ஆறு மாசத்து நீர் எறங்குது. பாரமா இல்லாம பூவாட்டமா இருக்கும்?"

தண்ணீர் கொதித்தது. குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, கன்னம் இரண்டும் பளபளத்தன. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யாத்தே, புதுப்பொண்ணாட்டம் செவந்து போயிட்டியே! இன்னிக்கு உன்ற ஊட்டுக்காரரு சாமானத் தேடமாட்டாரு போ," என்றாள். அக்கா குண்டானை உள்ளே இழுத்துக்கொண்டு தாழ் போட்டாள். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் தாழ்ப்பாள் விழுந்தது.

கதவு திறந்த அந்த நேரத்தில் ஒரு கோழிக்குஞ்சு வெளியே வந்துவிட்டது. பஞ்சாரத்தின் இடுக்கு வழியாக நழுவியிருக்க வேண்டும். முன்னறைத் தரையில் நாலு எட்டு வைத்தது. ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. எழுந்தது, மறுபடியும் சாய்ந்தது. பிறகு காலை நீட்டிப் படுத்துவிட்டது.

"இதென்னடி கூத்து," என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "குஞ்சும் எண்ணெ தேச்சுக்கிச்சாட்ட இருக்குது!"

நானும் சிரித்தேன். குனிந்து குஞ்சை எடுத்தேன். கையில் துணி மாதிரிக் கிடந்தது, கழுத்து நிற்கவில்லை. குஞ்சுக்கு யாரும் எண்ணெய் தேய்க்கவில்லை. அதற்கு எதற்குக் கிறக்கம் வர வேண்டும்?

"அக்கா!" என்று கதவைத் தட்டினேன்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் இல்லை.

"அக்கா, தாழத் தெற!"

பக்கத்து வீட்டு அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. இருவரும் தோளைக் கொடுத்து இடித்தோம். பழைய காலத்துப் பலகைக் கதவு. ஆணியும் தாழ்ப்பாளும் கொஞ்சமும் அசையவில்லை. உள்ளே எதுவோ கீழே விழுந்தது, சொம்போ என்னவோ. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"கடப்பாரை!" என்று கத்தினேன்.

வாசலுக்கு ஓடினோம். கடப்பாரையை நான்தான் காலையில் வெளியே போட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. எங்கே போட்டேன்? அதன்மேல் அரை நாள் சாமான் விழுந்திருந்தது. நாற்காலியை இழுத்தேன், டப்பாக்கள் உருண்டன. குடைக்கம்பி கையைக் கிழித்தது. தகரத்தைத் தூக்கினால் அடியில் இன்னொரு தகரம். பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு கையாலும் வாரி வீசினாள். அந்த மனிதர் சேர்த்து வைத்த ஒவ்வொரு சாமானும் எனக்கும் அந்தக் கடப்பாரைக்கும் நடுவே கிடந்தது. கடைசியில் ஒரு சாக்குக்கு அடியில் அதன் நுனி தெரிந்தது.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொடுத்து நெம்பினேன். கட்டை பிளந்து கதவு உள்ளே விழுந்தது. அனல் முகத்தில் அடித்தது. புகை இல்லை, எந்த மணமும் இல்லை. அக்கா கல்லின்மேல் ஒருக்களித்துக் கிடந்தாள், கன்னம் அதே சிவப்போடு. எண்ணெய் உடம்பு கையில் நிற்கவில்லை, வழுக்கியது. அவள் மேல் கிடந்த சேலையைக் கக்கத்துக்கு அடியில் சுற்றி, ஆளுக்கு ஒரு முனையாய்ப் பிடித்து இழுத்து, முன்னறை தாண்டி, வாசல் தாண்டி, பனி பெய்த புல்லில் போட்டோம். எனக்கே தலை சுற்றியது.

"எண்ணெத் தலையோட இருந்தவள எதுவோ புடிச்சிருச்சு," என்று பக்கத்து வீட்டு அக்கா அழுதாள். "வேப்பல ஒடிச்சுட்டு வர்றன்."

"வேப்பல வேண்டாங்கக்கா. அந்தக் கனல் சட்டியத் தூக்கி வெளிய போடுங்க. கம்பவுண்டரக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க!"

அவள் சட்டியை வாசலில் கொட்டிவிட்டு ஓடினாள். நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக் கன்னத்தில் அறைந்தேன். முகத்தில் பச்சைத் தண்ணீரை அடித்தேன். மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே வெகு தூரம். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசியோ என்று காத்திருந்தேன்.

மாமா பஸ் இறங்கி வந்தது அப்போதுதான். மேட்டில் நின்று முதலில் குவியலைத்தான் பார்த்தார். "எவடி அவ!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். பிறகு புல்லில் கிடந்தவளைப் பார்த்தார். கையிலிருந்த பை விழுந்தது. தன் சாமான்கள்மேல் மிதித்துக்கொண்டே வந்து மண்டியிட்டார்.

"என்னாச்சு? என்னடி ஆச்சு இவளுக்கு?"

"தெரியலீங்க மாமா. உள்ளாறதான் என்னமோ இருக்குது. மூச்சு முட்டுது."

அவர் எழுந்து பின்னறைக்குள் போனார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அடைத்து வைத்த சாக்குகள்தான். ஒரு மூங்கிலை எடுத்து அத்தனையையும் குத்தித் தள்ளினார். சாக்கோடு ஓடுகளும் சரிந்து உடைந்தன. உடைந்த இடத்தில் வானம் தெரிந்த பிறகும் குத்திக்கொண்டே இருந்தார்.

அக்கா வாந்தி எடுத்தாள். இருமினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஆறிப் போச்சா?"

எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். கரி கனலும்போது ஒரு காற்று வரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, அடைத்த அறையில் ஆளைக் கொன்றுவிடும் என்றார். திறந்த இடத்திலேயே கிடக்கட்டும், கம்பளியைப் போர்த்துங்கள் என்று சொல்லி, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்புக்கும் ஏற்பாடு செய்தார். ஒரு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்று ரைட்டரிடம் நான் சொன்ன பொய் அதோடு உண்மையாகிவிட்டது.

அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை. நாங்கள் கதவை உடைத்ததால் தாய்க்கோழியும் மற்றக் குஞ்சுகளும் தப்பின. எதையும் தூக்கிப் போடத் தெரியாத மாமா அந்தக் குஞ்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார்.

அடுத்த செவ்வாய் வரை அக்கா தலையில் அந்த எண்ணெய் அப்படியே இருந்தது. பிசுக்கு, மிளகு நெடி, தூசி. "இத எப்பக் கழுவறது?" என்று கேட்டாள்.

"இனி கதவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றார் மாமா. "நாங் காவலுக்கு நிக்கறன். முன்னூட்டுலயே ஊத்திக்க."

"எனக்குக் கதவு வேணுங்க."

"பட்டது பத்தலயாடி?"

"கதவு என்னங்க பண்ணுச்சு? சாக்கையும் கனலையும் வெளிய போடுங்க. கதவு எனக்கு வேணும். தாழ்ப்பாளும் வேணும்."

அவள் கண்ணை நகர்த்தவில்லை. நான் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் குவியலுக்குப் போய்த் தகரத்தையும் மூங்கிலையும் பொறுக்கினார். வீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் மறைப்புக் கட்டினார், மேலே கூரை இல்லாமல். பிளந்த கதவை ஒட்டுப் போட்டு மாட்டினார். பித்தளைத் தாழ்ப்பாளை வளைவு நிமிர்த்தி அவரே அடித்தார். மிச்சச் சாமானில் பாதியைச் சாயங்காலம் அவர் கையாலேயே கொளுத்தினார். பாதியை மறுபடி உள்ளே கொண்டுபோனார்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. சுடுதண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அக்கா உள்ளே போய்த் தாழ் போட்டாள். மாமா கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இருக்கறயா?" என்றார்.

"இருக்கறனுங்க."

கொஞ்ச நேரம் கூடப் பொறுக்கவில்லை. "அடியே, இருக்கறயா?"

"இருக்கறங்கறன்ல! செத்த பேசாம இருங்க."

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவர் மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். பதில் இல்லை. அவர் கை கதவின்மேல் போனது. நான் கடப்பாரையைத் தேடித் திரும்பினேன். அது எங்கே இருக்கிறது என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

அப்போது உள்ளே சொம்பு குண்டானில் மோதியது. சளாரென்று ஒரு சொம்புத் தண்ணீர் கல்லில் விழுந்தது, அடுத்து இன்னொன்று. அவள் வேண்டுமென்றேதான் பதில் சொல்லவில்லை.

மாமா கையை எடுத்துவிட்டார். அதற்குமேல் அவர் கூப்பிடவில்லை.